மதி என்று இங்கே யாரும் இல்லை

பிஜு,

இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மலர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டட்டும். கட்டிக்கொண்டவள் கம்பத்துக்காரி, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், உனக்கு அந்த ஒரு சௌகரியமாவது இருக்கிறது. நீ வாயை மூடிக்கொண்டு கேள். நடுவில் சாயா குடிக்க எழுந்து போகாதே, போனைத் தடவாதே. மலர், நீயும் ஒரு வரி விடாமல் வாசி. புருஷன் மனம் நோகுமே என்று எதையாவது விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாண்டாதே. ஒரே வீட்டில் மேலே நானும் கீழே நீங்களுமாக இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் இவன் நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவான். காகிதத்துக்குத் தலையாட்ட முடியாதல்லவா, அதற்காகத்தான்.

நாளை ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து சம்பளம் கூட்டிக் கேட்கப் போகிறாய். அது எனக்கு எப்படித் தெரியும் என்று மலரை முறைக்காதே, அவள் சொல்லவில்லை. நீயேதான் சொன்னாய். வியாழக்கிழமை மத்தியானம் குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயே, அப்போது நான் உள்ளே இருந்தேன். கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்த மேசை விரிப்புகளில் சலவைக்குப் போக வேண்டியது எது, கந்தலாகிப் போனது எது என்று, சுருட்டி வைத்த கார்ப்பெட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன். நீ அடுக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உருவி உனக்கு எதிரே போட்டாய். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டாய். பிறகு அதைப் பார்த்து "அம்மே" என்று கூப்பிட்டாய். என்னைக் கண்டுவிட்டாய் என்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது, அந்த நாற்காலிதான் நான். நூற்றுக்கணக்கான நாற்காலிகள் வாடகைக்கு விடுகிற கடையில், உன் அம்மாவாக உட்காருவதற்கு ஒரு கை உடைந்த நாற்காலிதான் உன் கண்ணில் பட்டது.

நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஞாபகம் இன்னும் கெடவில்லை. "அம்மே, ஒரு காரியம் பறயணும். விஷமிக்கக் கூடாது. செலவு ஒக்கெ கூடிப்போச்சு. மோளை நல்ல ஸ்கூல்ல சேர்க்கணும், இடப்பள்ளியில ஒரு வீடு பாத்திருக்கோம். நான் இத்தன கொல்லமா இங்க பணி எடுக்கறேன் இல்லையா. என்கூடப் படிச்ச சஜிக்குக் காக்கநாட்டு ஐ.டி. கம்பெனியில வருஷா வருஷம் கூட்டிக் குடுக்கறாங்க. எனக்கு ஒரு அவசரம் தரணும் அம்மே. எவ்வளவுன்னு நான் பறயல. அம்மைக்கு என்ன தோணுதோ அது மதி." இதைச் சொல்லிவிட்டு நாற்காலி என்ன பதில் சொல்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். அது ஒன்றும் சொல்லவில்லை. உடனே நீயே, "இப்போ முடியாதுன்னா பரவாயில்ல, ஓணம் கழிஞ்சு பாக்கலாம்" என்று சொல்லி, அதைத் தூக்கி மறுபடி அடுக்கில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிடணும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனாய்.

முதலில் உன் பாஷையை எடுத்துக்கொள்வோம். செம்பு என்கிற பிரியாணி அண்டாக்களைத் தேய்க்கிற ராஜனிடமும் டெம்போக்காரனிடமும் நாள் முழுக்க மலையாளம் பேசுகிறவன், சம்பளம் கேட்க மட்டும் தமிழைத் தேடிப் பிடித்தாய். வீட்டுப் பாஷையில் கேட்டால் தாய் மனம் இளகும் என்று ஒரு நினைப்பு. அந்தத் தமிழாவது வந்ததா? 'அவசரம் தரணும்' என்றாய். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, எனக்குத் தெரியும், நானும் இந்த மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் தமிழில் அவசரம் வந்தவன் முதலாளியைத் தேடிக்கொண்டு வரமாட்டான், கக்கூஸைத் தேடிக்கொண்டு ஓடுவான். 'விஷமிக்கக் கூடாது' என்று வேறு. வருத்தப்படாதே என்று சொல்ல வந்தாய்; தமிழ்க் காதில் அது, சேட்டை பண்ணாமல் உட்கார் என்று என்னை அதட்டியது போல விழுந்தது. நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். எந்தப் பாஷையில் மனக்கணக்குப் போடுகிறாயோ அந்தப் பாஷையில்தான் பணம் கேட்க வேண்டும். நீ மலையாளத்திலேயே கேட்டிருக்கலாம். நானும் மலையாளத்திலேயே இல்லை என்று சொல்லியிருப்பேன்.

செலவு கூடிப்போச்சு என்றாய். யாருக்குத்தான் கூடவில்லை? பாத்திரம் தேய்க்கிற புளியிலிருந்து டெம்போ குடிக்கிற டீசல் வரை எனக்கும்தான் கூடியிருக்கிறது. உன் செலவைக் கேட்டு எந்த முதலாளியும் சம்பளம் போடுவதில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது தொட்டிலோடு சரி. மீசை முளைத்தவன் முதலாளி முன்னால் நின்று அழுதால், இவன் வேறு எங்கும் போக வழியில்லாதவன் என்று அவருக்கு நீயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டியிடம் கேட்டால் பாட்டி தருவாள். கழுத்தில் கிடப்பதை விற்றுக்கூடத் தருவாள். ஆனால் கடையில் உட்கார்ந்திருக்கிறவளிடம் பேத்தியைத் தூக்கிக் காட்டாதே, அவளுக்குப் பேத்தி கிடையாது. இடப்பள்ளி வீட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மால் இருக்கிறது, சும்மா உள்ளே நுழைந்து குளிர்காற்று வாங்கிவிட்டு வரலாம், உனக்குப் பொருத்தமான ஊர்தான்.

இத்தனை வருஷம் வேலை செய்கிறேன் என்றாய். செய்கிறாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ யார் முன்னால் நின்று இதைச் சொன்னாயோ அந்தக் கை உடைந்த நாற்காலி உன்னைவிட அதிக வருஷமாக இங்கே இருக்கிறது. அதற்கு நான் வாடகையைக் கூட்டவில்லை, குறைத்திருக்கிறேன். அடுத்து சஜி. காக்கநாட்டில் சஜிக்கு வருஷா வருஷம் கூட்டிக் கொடுப்பது அவன் முகத்துக்காக இல்லை, கொடுக்காவிட்டால் அடுத்த கட்டிடத்துக்குப் போய்விடுவான் என்கிற பயத்தில். நீ போய்விடுவாய் என்று எனக்கு என்றைக்காவது பயம் இருந்ததா? போன வருஷம் ஆலுவாவில் ஒரு பந்தல்காரர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் கடைக்கு வா, இதைவிடக் கூடுதல் தருகிறேன் என்றார். அதை வீட்டில் பெண்டாட்டியிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஓடி வந்து சொன்னாய். "நான் வரமாட்டேன்னு பறஞ்சிட்டேன் அம்மே" என்று சொல்லும்போது உன் முகத்தில் பரீட்சையில் தேறின சந்தோஷம். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். இனி இவனுக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை என்று அன்றைக்கே மனதில் முடிவு செய்துகொண்டேன்.

நீ அப்படியே உன் அப்பா. கார்ப்பரேஷனில் சாக்கடை அள்ளுகிற வேலையில் சேர்ந்து மேஸ்திரியாகி ஓய்வு பெற்றார், நல்ல மனுஷன், போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ஒரு நாளும் சம்பளம் கூட்டிக் கேட்டதில்லை. யூனியன் கேட்டது. இவர் கொடியைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நின்றார், மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தி வாங்கியதில் இவருக்கும் பங்கு கிடைத்தது. வீட்டுக்கு வந்து, "சிந்தாபாத் விளிச்சு விளிச்சு தொண்ட போச்சு" என்பார். வாயை அசைத்ததோடு சரி என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்வார்கள். உனக்கு யூனியனும் இல்லை, கொடியும் இல்லை. என் கடையில் நீ, ராஜன், டெம்போக்காரன் மூன்று பேர்தான், இதில் ராஜனுக்கு மட்டும்தான் கேட்கத் தெரியும்.

கேட்கப் போவதற்கு முன்னால் ஒருவன் செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறேன், மலர், இதைக் கொஞ்சம் நிறுத்தி வாசி. நாளைக்கு நான் வராவிட்டால் இங்கே எது நிற்கும் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் கிடைத்தால் போய்க் கேட்கலாம். கிடைக்காவிட்டால் முதலில் அப்படி ஒன்றை உண்டாக்கிவிட்டு வரவேண்டும். நீ மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தாயே, கடை நடந்ததா இல்லையா? நடந்தது. ராஜன் ஒரு நாள் வராமல் போனபோது பிரியாணிச் செம்பெல்லாம் அடிப்பிடித்த சோற்றோடு வாசலில் கிடந்து, அடுத்த கல்யாணத்துக்கு நான் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கினேன். இதைச் சொன்னால் உனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். வரட்டும். உன்னை எல்லோருக்கும் பிடிக்கும், பிஜு பாவம், பிஜு நல்ல பையன் என்று பஜார் முழுக்கச் சொல்கிறார்கள். பிடிக்காமல் எப்படிப் போகும்? திரும்பி வந்த கரண்டியை எண்ணாமல் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கிறவனை யாருக்குத்தான் பிடிக்காது?

இனி அந்தக் கடைசி வார்த்தைக்கு வருகிறேன். 'அது மதி.' போதும் என்பதற்கு இந்த ஊரில் எல்லோரும் மதி என்றுதான் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம், அதில் குற்றம் இல்லை. ஆனால் உன்னைப் போல அந்த வார்த்தையைச் சொன்ன ஒரு ஜீவனை நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் பாத்திரம் இறக்கப் போகிற கல்யாண வீடுகளுக்கு உன்னையும் கூட்டிப் போவேன். பந்தியில் உட்கார வைப்பார்கள். பாயசக்காரன் இரண்டு இலை தள்ளி வரும்போதே இலையின் மேல் இரண்டு கையையும் விரித்து "மதி, மதி" என்பாய். அவன் உன்னைத் தாண்டிப் போய்விடுவான். அப்புறம் பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று அந்த வீட்டுப் பெண்கள் என்னிடம் சொன்னார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. அப்படிப் பழக்கியது நீதானே அம்மே என்று இப்போது மனதுக்குள் கேட்கிறாய். கேட்டுக்கொள். என் பங்குக்கு மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நான் பழக்கியதில் எத்தனையோ நல்லதும் இருந்தது, அதையெல்லாம் நீ காற்றில் விட்டுவிட்டாய்.

பந்தல் காண்ட்ராக்டர் வர்கீஸ் சேட்டன் வரும்போது உன்னைக் கல்லாவில் விட்டுவிட்டு உள்ளே இருந்து கேட்டிருக்கிறேன். நீ வாடகையைச் சொல்வாய். அவர் பதில் பேசமாட்டார். மேலே ஃபேனைப் பார்ப்பார், காதைக் குடைவார். அவர் ஒரு வார்த்தை பேரம் பேசியிருக்க மாட்டார், அதற்குள் நீ, "கொஞ்சம் குறைக்கலாம் சேட்டா" என்பாய். அவர் மறுபடி காதைக் குடைவார். நீ மறுபடி குறைப்பாய். அந்த மனுஷன் இதுவரை உன்னிடம் பேரம் பேசியதே இல்லை, உன்னோடு பேரம் பேசியது முழுக்க நீதான். சேட்டனுக்கு உன்மேல் உயிர். உன் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டார், அந்த மோதிரம் எத்தனை நாற்காலி வாடகை என்று எனக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிராக நடந்த ஒன்றை உனக்கு இதுவரை யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மலர் கல்யாணமாகி வந்த புதிது. நீ டெம்போவில் பாத்திரம் ஏற்றிக்கொண்டு போயிருந்தாய். நான் முதுகு வலியில் உள்ளே படுத்திருந்தேன். மலரைக் கல்லாவில் உட்காரச் சொல்லி, வாடகை என்ன என்று வாயால் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவளுக்கு அப்போது மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. வர்கீஸ் சேட்டன் வந்தார். இவள் வாடகையைச் சொன்னாள். அவர் ஃபேனைப் பார்த்தார். இவளும் ஃபேனைப் பார்த்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் சும்மா இருந்தாள். அந்த மனுஷனுக்குப் பழக்கம் இல்லாத சங்கதி, அவரே வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. "மோளே, ஞான் இவிடத்தெ பழய ஆளா. இத்ரயொந்நும் வேண்டா" என்று, பழைய ஆளிடம் இவ்வளவெல்லாம் வேண்டாம் என்கிற மாதிரி ஏதேதோ பேசிப் பார்த்தார். இவள் பேசவில்லை. கடைசியில் கொஞ்சம் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்து, போதும் என்கிற அர்த்தத்தில், "மதி மதி" என்று அழுத்திச் சொன்னார். மலர் யாரையோ தேடி வந்திருக்கிறார் என்று நினைத்து, ரொம்ப மரியாதையாக, "மதியா? அப்படி இங்க யாரும் இல்லைங்களே" என்றாள்.

நான் கட்டிலில் கிடந்தபடி மூச்சை அடக்கிக்கொண்டேன். சேட்டன் கொஞ்ச நேரம் இவள் முகத்தையே பார்த்தார். பெண் தெரியாமல் சொல்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "அம்படி மோளே, கொள்ளாமல்லோ!" என்று பாராட்டி, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மீதி நோட்டையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே போய் சாயாக்கடையில் எல்லோரிடமும், அந்தக் கடையில் இனி மதி என்று ஒரு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் மற்ற காண்ட்ராக்டர்கள் நம் கடைக்கு வந்தால் முதலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது அதனால்தான். நீ இருந்தால் உள்ளே வருகிறார்கள். மலர் இருந்தால் சாயா குடிக்கப் போய்விட்டு, நீ வந்ததும் வருகிறார்கள். அவளுக்கு அன்று தெரியாமல் நடந்தது. ஆனால் எதனால் பணம் வந்தது என்று அன்று ராத்திரியே உட்கார்ந்து யோசித்திருக்கிறாள், அதற்குப் பிறகு எல்லாம் தெரிந்தேதான் செய்கிறாள்.

மலர், இனி வருவதை வாசிக்க உனக்குக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் வாசி. பிஜு, நேற்று வெள்ளிக்கிழமை காலையில் நீ ஆலுவாவுக்கு லோடு ஏற்றிப் போன பிறகு உன் பெண்டாட்டி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நீ ஞாயிற்றுக்கிழமை கேட்கப் போகிறாய் என்று அவளிடம் சொல்லியிருந்தாய் அல்லவா, அதற்கு முன்னால் வந்தாள். கை உடைந்த நாற்காலியிடம் ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை.

"அத்தை, ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளு."

"இந்த வருசம் போன்ல வந்த புக்கிங் அம்புட்டும் நான் எடுத்தது. துக்க வீட்டு பாக்கியெல்லாம் நான் போய் வாங்கிட்டு வந்தது. இனிமே சும்மா செய்ய மாட்டேன். மாசம் இவ்வளவு வேணும்."

ஒரு தொகையைச் சொன்னாள். உன் சம்பளத்தைவிடக் கூடுதல். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் சொன்னதில் ஒரு பொய் இல்லை. துக்க வீட்டுக்கு நாற்காலியும் தார்ப்பாயும் கேட்டால் நாம் வாடகை பேசாமல் அனுப்பிவிடுவோம், அது இந்த ஊர் மரியாதை. பிறகு போய்க் கேட்க உனக்கு நாக்கு எழாது, அழுதுகொண்டிருக்கிற வீட்டில் எப்படிக் கேட்பது என்பாய். அவள் போய், கருமாதிச் சாப்பாட்டுக்கு எத்தனை நாற்காலி வேணும் என்று விசாரிப்பாள். அவர்களே பழைய பாக்கி ஞாபகம் வந்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பதில் பேசாமல் இருந்தேன். பின்னால் ராஜன் செம்பு தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த வியாபாரத்தில் முதலில் வாயைத் திறந்தவள் நான் என்று யாரும் சொன்னதில்லை. நேற்று நான்தான் திறந்தேன்.

"குடுக்கலன்னா?"

"தோப்பும்படியில கடை போட ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கேன். வர்கீஸ் சேட்டன் பந்தல் வேலைக்குப் பாத்திரமெல்லாம் எங்கிட்டயே எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

"அப்போ என் மகன்?"

"அவரு உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை."

கேட்டாயா? அதை அவள் வாயாலேயே கேட்டாய். ஒற்றைச் செம்பை வாடகைக்கு விட்டு, அதைத் தலையில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்து ஆரம்பித்த கடையில், என்னை உட்கார வைத்து ஒருத்தி மிரட்டுகிறாள். ஆனால் யோசித்துப் பார்த்தபோது, அவள் போனால் கடை படுத்துவிடும் என்று புரிந்தது. கேட்டதைக் கொடுத்தேன். திங்கட்கிழமை முதல் கடைச் சாவி அவளிடம். வாடகை பேசுவது, ஆள் வைப்பது, யாருக்கு என்ன சம்பளம் என்று சொல்வது எல்லாம் அவள். ராஜனுக்கும் டெம்போக்காரனுக்கும் சொல்லியாயிற்று, அவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். உன்னிடம் மட்டும்தான் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன். ஆகவே நாளை என்னிடம் வராதே. நான் இனி உனக்கு முதலாளி இல்லை.

மலர், உன் வேலை முடிந்தது. இந்தக் கடிதத்தின் கடைசியில் ஒரு காகிதம் இருக்கிறது, அது மலையாளத்தில் எழுதியது. நீ பேசக் கற்றுக்கொண்டாய், எழுத்து உனக்கு இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவன் கையில் கொடு. அவனே வாசித்துக்கொள்வான்.

(கடைசிக் காகிதம், மலையாளத்தில்)

மோனே, இதை வாய்விட்டு வாசிக்காதே. உதட்டைக்கூட அசைக்காதே, அவள் உன் உதட்டைப் பார்ப்பாள்.

நேற்று எல்லாம் பேசி முடித்த பிறகு நான் அவளிடம் ஒன்று கேட்டேன். பிஜு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்பான், பாவம், அவனுக்கும் ஏதாவது கூட்டிப் போடலாமா என்று. வரட்டும் அத்தை, கூட்டிக் கொடுங்கள் என்பாள் என்றுதான் நினைத்தேன். எந்தப் பெண்டாட்டியும் அதைத்தானே சொல்வாள், இரண்டு சம்பளமும் ஒரே அடுப்புக்குத்தானே போகப் போகிறது? அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சாவிக்கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே, "வேண்டாம் அத்தை. அவருக்கு இது மதி" என்றாள். அவ்வளவு சுத்தமாக, இந்தப் பஜாரில் பிறந்தவள் போல அந்த வார்த்தையைச் சொன்னாள்.

எனக்கு வலித்தது. உன்னைக் கழுதை என்பேன், கை உடைந்த நாற்காலி என்பேன், பெற்றவள் எனக்கு அதற்கு உரிமை உண்டு. அவள் உனக்கு விலை போட்டதை என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் நானும் உனக்கு அதே விலைதான் போட்டு வைத்திருந்தேன். இதை எழுதி உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நெருப்பு வைக்கிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உனக்குச் சம்பளம் கூட்டித் தர எனக்கு இனி அதிகாரம் இல்லை, கொடுக்க முடிந்தது இந்தக் காகிதம்தான்.

இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தன்னைப் பற்றித்தான் என்று சந்தேகம் வந்திருக்கும். நேற்று அப்படிச் சொன்னதை நினைத்து இப்போது அவள் இந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். உன் ஆயுளில் முதல் தடவையாக, எதிரே இருப்பவருக்கு வேண்டியது ஒன்று உன்னிடம் இருக்கிறது. "அத்தை என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்பாள். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்பாள். நீ உடனே சொல்லிவிடுவாய், அழுதுகொண்டே சொல்வாய், அப்புறம் பரவாயில்லை என்று நீயே அவளைத் தேற்றுவாய். அப்படிச் செய்தால் ஆயுள் முழுக்க அவள் போடுகிற சம்பளத்தை வாங்கிக்கொண்டு டெம்போவில் ஏறி இறங்கு, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

காகிதத்தை மடித்துப் பையில் வை. இந்நேரம் அவள் கேட்டிருப்பாள். பதில் சொல்லாதே, உனக்கு வேண்டிய தொகையைச் சொல்.